“ஒலிம்பிக் வரும்போது பாத்துக்கலாம்” என்ற விளையாட்டுப் பக்க ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நாளிதழ்களிலும் தொலைக்காட்சிகளிலும் விளையாட்டுப் பிரிவைக் கவனிக்கும் ஆசிரியர்களுக்கு,

என் மகள் பாய்மரப் படகு ஓட்டுகிறாள். சென்ற மாதம் வெளிமாநில ஏரி ஒன்றில் நடந்த தேசிய அளவிலான போட்டியில் தன் பிரிவில் இரண்டாவதாக வந்தாள். பெயர், பிரிவு, எத்தனை படகுகள், எத்தனை பந்தயங்கள் என்று எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதி, கரையில் எடுத்த படம் ஒன்றையும் சேர்த்து உங்களில் சிலருக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. ஒரு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். “செய்லிங் எல்லாம் யாரும்மா படிக்கிறாங்க? ஒலிம்பிக் வரும்போது பாத்துக்கலாம்” என்றார்.

அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மடல். வேலை நேரத்து அவசரத்தில் சொல்லிவிட்டார் என்று விட்டிருப்பேன். யோசித்துப் பார்த்தால் உங்கள் எல்லோருடைய நடைமுறையும் அதுதான். நான்கு வருடத்துக்கு ஒருமுறை, இரண்டு வாரம், இப்படி ஒரு விளையாட்டு இருப்பது உங்கள் நினைவுக்கு வருகிறது. பதக்கம் இல்லை என்றதும் மறந்துபோகிறது. நடுவில் கிடக்கும் வருடங்களில் ஒரு வீராங்கனை எதனால் தாக்குப்பிடிக்கிறாள், எதனால் பாதியில் விட்டுவிடுகிறாள் என்பதை நீங்கள் கண்டுகொள்வதே இல்லை. அதில் உங்கள் பங்கு எவ்வளவு பெரியது என்பது உங்களுக்குத் தெரியாமலே இருக்கிறது என்று நினைக்கிறேன். தெரிந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

நான் ராயபுரத்தில் இருக்கிறேன். காசிமேட்டில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வீட்டுக்காரர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். என் அப்பா மோட்டார் வருவதற்கு முன்பு கட்டுமரத்தில் பாய் கட்டிக்கொண்டு போனவர். என் மகள் கோடை விடுமுறைப் பயிற்சி ஒன்றில் சேர்ந்து, சின்னப் பிள்ளைகள் ஓட்டும் ஆப்டிமிஸ்ட் படகில் தொடங்கினாள். பதினைந்து வயதுக்குமேல் அதில் போட்டியிட முடியாது என்பதால் இப்போது இல்கா 4 என்ற, ஒருவரே ஓட்டும் படகை ஓட்டுகிறாள். போட்டி நாட்களில் நான் சும்மா கரையில் நிற்பதில்லை. கணக்குப் பிள்ளை என்று தெரிந்துகொண்டு நடுவர் படகில் ஏற்றிவிட்டார்கள். கோட்டைக் கடக்கும் படகுகளின் பாய் எண்களை வரிசையாக எழுதுவது என் வேலை. அதனால் பந்தயத்தைக் கிட்டத்திலிருந்து பார்த்தவள் என்ற முறையிலும் பேசுகிறேன்.

முதலில், நீங்கள் எழுதாமல் விடுவதால் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

ஒரு தனியார் நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து விளையாட்டுப் பிள்ளைகளுக்கு உதவுகிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தோம். படிவத்தில் ஒரு பகுதி: கடந்த மூன்று ஆண்டுகளில் வெளியான பத்திரிகைச் செய்திகளின் நகல்கள். எங்களிடம் சான்றிதழ்கள் இருந்தன, பதக்கங்கள் இருந்தன, போட்டி முடிவுகளின் அச்சுப் பிரதிகள் இருந்தன. செய்தி நறுக்கு ஒன்றுகூட இல்லை. அங்கிருந்த அதிகாரி ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “நேஷனல்ல மெடல்னு சொல்றீங்க, பேப்பர்ல ஒண்ணுமே வரலையே” என்று கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த சந்தேகத்தை என் மகளும் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். அவருக்குமுன் இருந்த இன்னொரு பையனின் ஃபைலில் மாவட்டக் கிரிக்கெட் லீக்கில் எடுத்த ரன்கள்கூட வெட்டி ஒட்டப்பட்டிருந்தன. அந்தப் பையனுக்குக் கிடைத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. அவன் ரன்னை அச்சிட்ட நீங்கள் இவள் முடிவை ஏன் அச்சிடவில்லை என்பதுதான் என் கேள்வி.

பள்ளியிலும் இதே கதை. போட்டிக்கு லீவு கேட்டுப் போனால், “இது நிஜமாவே நேஷனல்ஸா?” என்கிறார்கள். பேப்பரில் வந்த போட்டி என்றால் வருகைப் பதிவில் சலுகை தருவதற்கு யோசிக்க மாட்டார்கள். வராத போட்டி அவர்கள் கண்ணுக்கு உல்லாசப் பயணம்.

பணம் இல்லையென்றால் இந்த விளையாட்டில் என்ன ஆகும் என்பதைப் பாயை வைத்துச் சொல்கிறேன். இல்கா வகையில் எல்லாப் படகும் ஒரே அச்சு. நீளம் 4.23 மீட்டர். உடலும் பாய்மரமும் யாருக்கும் கூடக் குறைய இருக்கக் கூடாது. ஆட்களின் திறமை மட்டுமே தெரிய வேண்டும் என்பதற்காக இப்படி வைத்திருக்கிறார்கள். ஆனால் பாய்த்துணி தேயும். புதுப் பாய் விறைப்பாக, கையில் தட்டினால் மொடமொடவென்று சத்தம் கொடுக்கும். ஒரு சீசன் வெயிலும் உப்பும் பட்டபின் அது தொய்ந்துவிடும். தொய்ந்த பாயால் எதிர்க்காற்றில் நெருங்கி ஏற முடியாது. பக்கத்துப் படகு ஒரே திருப்பத்தில் போய்ச் சேரும் மிதவைக்கு இவள் இன்னொரு முறை திரும்ப வேண்டியிருக்கும். என் மகள் ஓட்டுவது ஒருவர் ஓட்டித் தள்ளிய பழைய பாய். ஓரத்தில் நானே ஒட்டுத்துணி போட்டுத் தைத்திருக்கிறேன். முடிவுப் பட்டியலில் அவள் இழக்கும் இடங்களில் ஒன்றிரண்டு அந்தப் பாயினுடையவை. புதுப் பாய்க்குப் பணம் வேண்டும், பணம் தருபவர் செய்தி நறுக்கு கேட்கிறார், நறுக்கு உங்களிடம்தான் இருந்து வர வேண்டும்.

இது என் வீட்டுப் பிரச்சினை மட்டும் என்றால் ஊரறிய எழுதியிருக்க மாட்டேன். இரண்டு ஒலிம்பிக்குக்குப் போன சென்னை வீராங்கனை நேத்ரா குமணனின் பாதையை எடுத்துப் பாருங்கள். அவரை எனக்கு நேரில் பழக்கமில்லை. ஆனால் பாய்மரம் பிடிக்கும் ஒவ்வொரு சென்னைப் பிள்ளையைப் போல என் மகளும் அவர் போட்டி முடிவுகளைத் தேதியோடு சொல்வாள்.

1997இல் சென்னையில் பிறந்தவர் நேத்ரா. அவரும் ஒரு கோடைக்காலப் பயிற்சி முகாமில்தான் முதலில் படகு ஏறினார். 2014இல் இஞ்சியோன் ஆசிய விளையாட்டுக்குப் போனபோது வயது 17. 2018இல் ஜகார்த்தா. இடையில் பொறியியல் படிப்பு. பிறகு ஸ்பெயினின் கிரான் கனாரியா தீவுக்குப் போய், ஹங்கேரியப் பயிற்சியாளர் தாமஸ் எசெஸிடம் பயிற்சி. ஏன் அங்கே போக வேண்டும் என்று உங்கள் வாசகர்கள் கேட்கலாம். வருடம் முழுக்கக் காற்று, அதோடு உலகின் நல்ல வீராங்கனைகள் கூட்டமாக வந்து பழகும் இடம் அது. இந்த விளையாட்டில் தனியாக ஓட்டிக் கற்றுக்கொள்ள முடிவது கொஞ்சம்தான். நாற்பது ஐம்பது படகுகள் ஒரே மிதவையை நோக்கி நெருக்கிக்கொண்டு வரும்போது எந்தச் சந்தில் நுழைவது, யாருடைய பாய் தன் காற்றை மறைக்கும், யாருக்கு வழிவிட வேண்டும் என்பதெல்லாம் கூட்டத்துக்குள் அடிபட்டால்தான் வரும். சென்னையில் அந்தப் பிரிவில் அத்தனை படகுகள் ஒன்றாக நிற்பதை நான் பார்த்ததில்லை.

2020 ஜனவரியில் மியாமியில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் லேசர் ரேடியல் பிரிவில் (இப்போது இல்கா 6 என்கிறார்கள்) நேத்ரா வெண்கலம் வென்றார். பாய்மரப் படகு உலகக் கோப்பையில் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண். இந்த ஒரு வாக்கியத்தை உங்கள் வாசகர்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்? ஐஸ் கம்பெனியில் என்னோடு வேலை செய்பவர்கள் தினமும் பேப்பரைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறவர்கள். அவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்கள்மேல் குற்றமில்லை. படித்ததைத்தானே தெரிந்துகொள்ள முடியும்?

2021 ஏப்ரலில் ஓமான் நாட்டின் முசன்னாவில் நடந்த தகுதிப் போட்டியில் அவர் ஒலிம்பிக் வாய்ப்பைப் பெற்றார். ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். அப்போது எழுதினீர்கள், நானும் படித்தேன். கூடவே இன்னொன்று நடந்ததைப் பெரிதாகச் சொல்லாமல் விட்டீர்கள். டோக்கியோவுக்குப் போன இந்தியப் பாய்மரப் படகு அணி நான்கு பேர். நேத்ரா, வேலூரில் பிறந்து ராணுவத்தில் சேர்ந்த விஷ்ணு சரவணன், சென்னையின் கே.சி. கணபதி, வருண் தக்கர். நான்கு பேருமே தமிழ்நாட்டுக்காரர்கள். பாரிஸுக்குப் போன இருவரும் அப்படியே. ஒரு ஒலிம்பிக் விளையாட்டில் இந்தியாவின் முழு அணியும் அடுத்தடுத்து இரண்டு முறை ஒரே மாநிலத்திலிருந்து போயிருக்கிறது. இதைவிடப் பெரிய உள்ளூர்ச் செய்தி விளையாட்டுப் பக்கத்துக்கு எங்கே கிடைக்கும்?

டோக்கியோவில் நேத்ரா 44 பேரில் 35ஆவதாக வந்தார். மூன்று வருடம் கழித்து, பிரான்சின் ஈயேர் நகரில் நடந்த கடைசித் தகுதிப் போட்டியில், வளரும் நாடுகளுக்கான ஒதுக்கீட்டில் மறுபடி ஒலிம்பிக் இடம் பெற்றார். பாரிஸ் ஒலிம்பிக்கின் படகுப் போட்டிகள் மார்செய் கடலில் நடந்தன. 43 பேரில் 21ஆம் இடம். முதல் பந்தயத்தில் ஆறாவதாகக் கோட்டைக் கடந்தார். அது 2024 ஆகஸ்ட் 1. துப்பாக்கி சுடுதலில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற நாள். அன்று உங்கள் பக்கம் நிரம்பியிருக்கும், எனக்குப் புரிகிறது. மறுநாள்? அதற்கு அடுத்த நாள்?

தொடர் முடிந்ததும் ஒரு தொலைக்காட்சியின் அடிக்கோட்டில் ஓடியது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. “பாய்மரப் படகு: 155 புள்ளிகள் பெற்றும் நேத்ரா ஏமாற்றம்.” பின்னால் காட்டிய படத்தில் எட்டுப் பேர் உட்கார்ந்து துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அய்யா, அம்மா, இந்த விளையாட்டில் புள்ளி குறைந்தால்தான் நல்லது. முதலாவதாக வந்தால் ஒரு புள்ளி, ஆறாவதாக வந்தால் ஆறு, 30ஆவதாக வந்தால் 30. எல்லாப் பந்தயத்தையும் கூட்டி, மிக மோசமான ஒன்றைக் கழித்துவிட்டு, யாருக்குக் குறைவோ அவர் முன்னால். முதல் பத்துப் பேர் மட்டும் கடைசியாக மெடல் ரேஸ் ஓட்டுவார்கள், அதற்கு இரட்டைப் புள்ளி. இவ்வளவுதான் கணக்கு. எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுத்தது ஒரு டீ குடிக்கும் நேரத்தில். “155 பெற்றும்” என்று எழுதியவருக்கு அந்த நேரம்கூட ஒதுக்கத் தோன்றவில்லை என்பதுதான் எனக்கு வலித்தது.

ஏமாற்றம் என்ற தீர்ப்பும் சரியில்லை. 35இலிருந்து 21க்கு வந்தவர் முன்னேறியிருக்கிறார். விஷ்ணு சரவணன் டோக்கியோவில் 35 பேரில் 20ஆவது, பாரிஸில் 43 பேரில் 18ஆவது. ஒலிம்பிக்கில் இந்தியர் ஒருவர்கூட இன்னும் மெடல் ரேஸுக்குள் போனதில்லை என்பது உண்மை, அதை மறைக்கச் சொல்லவில்லை. விமர்சனம் எழுதுங்கள். நல்லபடி தொடங்கிய நேத்ரா பிறகு ஏன் பின்தங்கினார்? புறப்பாட்டில் தவறா, காற்று மாறிய பக்கத்தைத் தவற விட்டாரா, மார்செயில் காற்று விழுந்து பந்தயங்கள் தள்ளிப்போனதும் ரத்தானதும் யாருக்குச் சாதகமாயின? அப்படி ஒரு கட்டுரை வந்திருந்தால் என் மகள் அதை வெட்டிச் சுவரில் ஒட்டியிருப்பாள். தெரிந்துகொண்டு திட்டுவதில் மரியாதை இருக்கிறது.

பந்தயம் எப்படி இருக்கும் என்று பார்க்காமலே இதைச் சுவாரஸ்யமில்லாத விளையாட்டு என்று முடிவு செய்துவிட்டீர்கள். நான் உட்காரும் இடத்திலிருந்து ஒரு புறப்பாட்டை மட்டும் சொல்கிறேன். நடுவர் படகுக்கும் ஒரு மிதவைக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத கோடு. ஐந்து நிமிடம் இருக்கும்போது ஊதல், ஒரு கொடி ஏறும். நான்கு நிமிடத்தில் இன்னொன்று. பிள்ளைகள் கோட்டுக்குப் பின்னால் பாயைத் தளர்த்திவிட்டுப் படபடக்க விட்டு நிற்பார்கள். படகுக்கு பிரேக் கிடையாது, அலை தள்ளிக்கொண்டே இருக்கும். ஒரு நிமிடத்தில் கொடி இறங்கும். அதற்குமேல் யாரும் பேச மாட்டார்கள். கடைசி சில வினாடிகளில் எல்லோரும் ஒரே நேரத்தில் மெயின்ஷீட் கயிற்றை இழுப்பார்கள், பாய்கள் ஒன்றாக விறைக்கும், பிள்ளைகள் முதுகு தண்ணீரைத் தொடும்படி வெளியே சாய்வார்கள். ஊதலுக்கு முன் மூக்கு நுனி கோட்டைத் தாண்டியிருந்தாலும் திரும்பி வந்து மறுபடி புறப்பட வேண்டும். அதற்குள் முன்னே போனவர்களின் பாய்கள் காற்றைக் கலக்கிவிட்டிருக்கும். முதல் அரை நிமிடத்தில் தோற்றால் மீதிப் பந்தயம் முழுக்க அதை மீட்பதிலேயே போகும். இதில் சுவாரஸ்யம் இல்லை என்று நேரில் பார்த்த எவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

காற்றைப் படிப்பது இன்னொரு பாடம். கோடையில் காலையில் கச்சான் கரையிலிருந்து வீசும், மதியத்துக்குமேல் கொண்டல் கடலிலிருந்து ஏறும். நடுவில் காற்று செத்து நிற்கும் ஒரு நேரம் உண்டு. பயிற்சியாளர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர்கள் வேறு, ஆனால் அந்த நேரத்தில் எந்தப் பக்கம் ஒதுங்கிக் காத்திருக்க வேண்டும் என்பதை என் அப்பா பேத்திக்குக் கையைக் காட்டிச் சொல்லிக் கொடுத்தார். தண்ணீரின் மேல் கருமை படர்ந்து வருகிற திசையைப் பார், அதுதான் வருகிற காற்று என்றார். எந்த நாட்டுப் பயிற்சியாளரும் அதையேதான் சொல்கிறார்கள்.

நியாயமாகப் பேச வேண்டுமென்றால், உங்களுக்குள்ள சிரமமும் எனக்குத் தெரியும். மைதானத்தில் நடப்பதுபோல் கடலில் நடப்பதைக் கேமரா வைத்து எடுக்க முடியாது. சென்னையில் துறைமுகத்துக்குள் போவதற்கே பாஸ் வேண்டும். பாய்மரப் படகு அமைப்புகளும் தங்கள் செய்தியைத் தமிழில் எழுதி அனுப்பும் பழக்கம் இல்லாமல் இருக்கின்றன, அது அவர்கள் பக்கத்துத் தவறு. தேசிய போட்டி முடிவுகள் ஆங்கிலத்தில், வெறும் எண் அட்டவணையாக வருகின்றன. அவர்களிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஐரோப்பாவில் நள்ளிரவில் நடக்கும் கால்பந்தாட்டத்தின் கோல் கணக்கு விடியற்காலை எங்கள் வீட்டு வாசலில் வந்து விழுகிறது. ஆள் அனுப்பாமலே அதை எழுத முடிகிறது உங்களால். இங்கே இணையத்தில் கிடக்கும் அட்டவணையிலிருந்து மூன்று வரி எழுத மட்டும் கேமராவும் பாஸும் எதற்கு?

வாசகர் கேட்பதில்லை என்பீர்கள். இந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. செஸ் என்ன, வாசகர் கேட்டு எழுதத் தொடங்கியதா? எழுதினீர்கள், படித்தார்கள், இன்று தெருவுக்கு ஒரு செஸ் வகுப்பு இருக்கிறது. வாசகரின் ஆர்வம் உங்கள் கையில் உருவாவது.

மத்தியப் பிரதேசத்துக்குக் கடலே இல்லை. போபாலின் பெரிய ஏரியில் பயிற்சி கொடுக்கிறார்கள். தேவாஸ் மாவட்டத்து விவசாயக் குடும்பப் பெண் நேஹா தாக்கூர் அங்கே கற்று, 2023இல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இல்கா 4 பிரிவில் வெள்ளி வென்றார். அப்போது அவருக்கு 17 வயது. என் மகள் ஓட்டுவதும் அதே வகைப் படகு. அதே ஆசிய விளையாட்டில் விஷ்ணு சரவணன், அதே படகில் பெரிய பாய் கட்டி ஓட்டும் இல்கா 7 பிரிவில் வெண்கலம் வென்றார். அடுத்த ஜனவரியில் அடிலெய்டில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் 26ஆவதாக வந்து பாரிஸுக்கு இடம் பிடித்தார். உலக சாம்பியன்ஷிப்பில் 26 என்றால் என்ன என்று யாராவது விளக்கினார்களா? நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட படகுகள் வந்த போட்டி அது.

இதற்கு முன்னாலும் இருக்கிறார்கள். 2014 ஆசிய விளையாட்டில் வர்ஷா கௌதம், ஐஸ்வர்யா நெடுஞ்செழியன் இணை வெண்கலம். 2018இல் வர்ஷா, ஸ்வேதா ஷெர்வேகரோடு சேர்ந்து வெள்ளி. அதே 2018இல் கணபதியும் வருணும் வெண்கலம். ஸ்வேதா தவிர எல்லோரும் சென்னைப் பிள்ளைகள். கடற்கரை ஊரில் பிறந்து, கடலில் ஜெயித்து, சொந்த ஊரில் முகம் தெரியாமல் நடக்கிறார்கள்.

எழுதியபோதும் எப்படி எழுதினீர்கள் என்று ஒன்று சொல்ல வேண்டும். ஒரு வார இதழிலிருந்து ஒருமுறை வந்தார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். என் மகள் தன் படகின் பக்கத்தில் நின்றாள். வந்தவர் அது வேண்டாம் என்றார். எங்கள் வீட்டுக்காரரின் வலையை அவள் மடியில் வைத்து, ஊசியைக் கையில் கொடுத்து, பின்னுவது போல் உட்காரச் சொன்னார். அவள் வலை பின்னியதே இல்லை, அவளுக்குத் தெரியாது. வீட்டு வருமானம் எவ்வளவு, அப்பா குடிப்பாரா, சாப்பாட்டுக்குக் கஷ்டமா என்று கேட்டார். எந்த வகைப் படகு, எத்தனையாவது இடம், அடுத்த போட்டி எங்கே என்று ஒரு கேள்வியும் இல்லை. கட்டுரை வந்தது, “கண்ணீர்” என்ற சொல் தலைப்பிலேயே இருந்தது. போட்டி முடிவு எங்குமே இல்லை. அந்தப் பக்கத்தை நான் எந்த ஃபைலில் வைப்பது? அவள் அதைப் பள்ளிக்கு எடுத்துப்போக மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பரிதாபத்துக்காக அவள் இத்தனை உப்புத்தண்ணீர் குடிக்கவில்லை. உள்ளங்கையில் கயிறு அறுத்த தழும்பும், தொடை நடுங்க நடுங்கச் சாய்ந்து ஓட்டிய எதிர்க்காற்றுச் சுற்றுகளும் அவளுடைய கதை. எங்கள் வறுமை எங்கள் வீட்டோடு இருக்கட்டும்.

நேத்ராவைப் பற்றி எழுதும்போதும் இன்னொரு விதமாக இதே குறை. பரதநாட்டியம் கற்றவர், டென்னிஸ் ஆடியவர், அழகாகச் சிரிக்கிறார் என்று அரைப் பக்கம் போகும். எதிர்க்காற்றில் அவர் பலம் என்ன, எந்தக் காற்றில் வேகம் கூடுகிறது, உடல் எடையை எப்படி வைத்துக்கொள்கிறார் என்று ஒரு வரி வராது. வீராங்கனையை வீராங்கனையாகவே எழுதுங்கள்.

நான் கேட்பவை இவை.

தேசிய, மாநில அளவிலான பாய்மரப் படகுப் போட்டி முடிவுகளை அச்சிடுங்கள். கட்டுரை வேண்டாம். பெயர், ஊர், பிரிவு, எத்தனை படகில் எத்தனையாவது இடம். மாவட்டக் கிரிக்கெட்டுக்கு ஒதுக்கும் இடத்தில் ஒரு மூலை போதும். அந்த மூன்று வரிதான் ஒரு பிள்ளையின் விண்ணப்பத்தில் ஒட்டப்படும்.

இடத்தைச் சொல்லும்போது மொத்த எண்ணிக்கையையும் சேர்த்துச் சொல்லுங்கள். 43இல் 21 என்பதும் வெறும் 21 என்பதும் ஒன்றல்ல. புள்ளி குறைவானவர் முன்னிலை என்பதை உங்கள் உதவி ஆசிரியர்களின் மேஜையில் எழுதி ஒட்டிவையுங்கள். துடுப்புப் படகின் படத்தைப் போடாதீர்கள்.

2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்குக்கான தகுதிப் பாதையை இப்போதிருந்தே தொடருங்கள். நம் மாநிலத்திலிருந்து யார் யார் முயல்கிறார்கள், எந்தப் போட்டியில் எத்தனை இடங்கள் இருக்கின்றன, யாருக்குப் பயிற்சிக்குப் பணம் போதவில்லை, அரசு அறிவித்த உதவி கையில் எப்போது வந்து சேர்ந்தது என்று எழுதுங்கள். உதவி தாமதமானால் கேள்வி கேளுங்கள். நாங்கள் கேட்டால் கோப்பில் இருக்கிறது என்கிறார்கள். நீங்கள் கேட்டால் கோப்பு நகரும்.

ஒரு போட்டி நாளில் ஒரு நிருபரையும் புகைப்படக்காரரையும் துறைமுகத்துக்கு அனுப்புங்கள். ஒரு வாரம் முன்பே சொன்னால் பாஸுக்கு விண்ணப்பிக்க என்னால் முடிந்த உதவியைச் செய்கிறேன், நடுவர் படகில் இடம் கேட்டுப் பார்ப்பதும் என் பொறுப்பு. வருகிறவர் பிள்ளைகளிடம் வருமானம் கேட்கக் கூடாது, வலையைக் கையில் கொடுக்கக் கூடாது. காலை முதல் பந்தயத்திலிருந்து மாலை கடைசிப் படகு கரையேறும்வரை இருக்க வேண்டும்.

கடைசியாக, உங்கள் அலுவலகத்தில் இந்த விளையாட்டுக்கென்று ஒருவரைப் பொறுப்பாக வையுங்கள். மற்ற வேலைகளோடு சேர்த்தே அவர் இதையும் பார்க்கட்டும். அவர் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் விளையாட்டுப் பக்கத்தின் அடியில் அச்சிடுங்கள். அடுத்த போட்டியின் முடிவுகளை, என் மகளுடையது மட்டுமில்லாமல் நம் மாநிலப் பிள்ளைகள் எல்லோருடையதையும், தமிழில் எழுதி அன்று மாலையே அவருக்கு அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
பாய்மரப் படகு வீராங்கனை ஒருவரின் தாய்,
ராயபுரம், சென்னை.